பழனி பாதயாத்திரை: முதல்முறை நடப்பவர்களுக்கு

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போவது என்று முடிவு செய்துவிட்டீர்கள். நேர்த்திக்கடனாக இருக்கலாம், நண்பர்கள் கூப்பிட்டிருக்கலாம், சும்மா ஒரு ஆசையாகவும் இருக்கலாம். எதுவானாலும் முருகன் கணக்குப் பார்க்கப் போவதில்லை. ஆனால் பாதம் கணக்குப் பார்க்கும். முதல்முறை கிளம்பி நடுவழியில் பஸ் ஏறுகிறவர்களில் பெரும்பாலானோருக்கு மூச்சிலோ தெம்பிலோ குறை இருக்காது. முதல் நாள் உற்சாகத்தில் அதிகம் நடந்து, இரண்டாம் நாள் காலையில் பாதத்தைத் தரையில் ஊன்ற முடியாமல் போயிருக்கும். அதனால் இந்தக் கட்டுரையில் பாதி, காலைப் பற்றித்தான் இருக்கும்.

எப்போது, எங்கிருந்து

தைப்பூசம் ஜனவரி நடுவில் தொடங்கி பிப்ரவரி நடுவுக்குள் ஏதாவது ஒரு நாளில் வரும். 2024இல் ஜனவரி 25, 2025இல் பிப்ரவரி 11. பொங்கல் முடிந்த கையோடு வருகிற வருடங்களில் லீவு கிடைப்பது சுலபம், சாலையில் கூட்டமும் அதிகம். பங்குனி உத்திரத்துக்கும் பழனிக்கு நடப்பார்கள்; கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துக்கொண்டு கொங்குப் பக்கத்து ஆட்கள் வருவது அப்போதுதான். பங்குனி வெயில் முதல்முறை நடப்பவர்களுக்கு வேண்டாம். தையில் கிளம்புங்கள்.

வழிகள் பல. கோவையிலிருந்து பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வழியாக ஏறத்தாழ 110 கிலோமீட்டர். மதுரையிலிருந்து வாடிப்பட்டி, திண்டுக்கல் வழியாக 120ஐ ஒட்டி வரும். காரைக்குடிப் பக்கத்திலிருந்து குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, கொட்டாம்பட்டி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று போனால் சுமார் 160. இந்தத் திருப்பத்தூர் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர். மேப்பில் தேடும்போது வேலூர்ப் பக்கத்து ஊருக்கு இழுத்துக்கொண்டு போய்விடும்.

தூரம் அதிகம் என்றாலும் புதியவர்களுக்கு நான் சொல்வது காரைக்குடி வழியைத்தான். நகரத்தார் காவடி தலைமுறை தலைமுறையாகப் போகிற பாதை அது. பூசத்துக்கு முந்தைய வாரத்தில் அந்தச் சாலையில் ஆள் நடமாட்டம் ஓயாது. ஊருக்கு ஊர் பந்தல், மோர், தண்ணீர், படுக்க மண்டபம் என்று ஏதாவது கிடைக்கும். நடக்கிறவனைப் பார்த்தால் என்ன வேண்டும் என்று கேட்கிற பழக்கம் அந்த ஊர்க்காரர்களுக்கு உண்டு. அவ்வளவு நாள் லீவு இல்லை என்றால் திண்டுக்கல்லிலிருந்து தொடங்குங்கள். அறுபது கிலோமீட்டரை மூன்று நாளில் நிதானமாக முடிக்கலாம். அதையும் பாதயாத்திரை என்றுதான் சொல்வார்கள், யாரும் குறைத்துப் பேச மாட்டார்கள்.

நாள் கணக்கு

‘நாங்கள் தினம் நாற்பது கிலோமீட்டர் போட்டோம்’ என்று சொல்கிற பழைய ஆட்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள். அதைப் பாதியாக வெட்டிக் கேட்டுக்கொள்வது உங்களுக்கு நல்லது. சமதளத்தில், ஓய்வெல்லாம் சேர்த்து, மணிக்கு மூன்றரை கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரம். அதைக் காலையில் நான்கு, மாலையில் இரண்டு என்று பிரித்தால் உடம்பு தாங்கும்.

காரைக்குடி வழியை ஏழு நாளாகப் பிரித்தால் இப்படி வரும். முதல் நாள் குன்றக்குடி சண்முகநாதரையும் பிள்ளையார்பட்டிப் பிள்ளையாரையும் கும்பிட்டுவிட்டுத் திருப்பத்தூர். இரண்டாம் நாள் சிங்கம்புணரி, இருபது கிலோமீட்டருக்குள்தான். அன்று மத்தியானத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டால் இன்னும் கொஞ்சம் நடக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். சேவுகப்பெருமாள் ஐயனார் கோயில் பக்கம் போய் உட்காருங்கள், தூங்குங்கள், காலைப் பாருங்கள். இந்த இரண்டாம் நாளைக் குறைவாக வைப்பதுதான் முழுத் திட்டத்துக்கும் அச்சாணி. உடம்பு முதல் நாள் வலியை இரண்டாம் நாள்தான் காட்டும். அன்று அதை மேலும் அடித்தால் மூன்றாம் நாள் எழுந்திருக்காது.

மூன்றாம் நாள் கொட்டாம்பட்டி வழியாக நத்தம். கொஞ்சம் நீளமான நாள், இருபத்தைந்தைத் தாண்டும். கொட்டாம்பட்டியில் திருச்சி–மதுரை நான்குவழிச் சாலை குறுக்கிடுகிறது. அந்த இடத்தை நல்ல வெளிச்சம் இருக்கும்போது கடக்கிற மாதிரி நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். நான்காம் நாள் கோபால்பட்டி தாண்டிச் சாணார்பட்டிக்குள் எங்காவது. ஐந்தாம் நாள் திண்டுக்கல்லைக் கடந்துவிடுவது நல்லது. ஊருக்குள் நடப்பது சாலையில் நடப்பதைவிட அலுப்பு. ஹாரன், புகை, தங்குமிடத்துக்கு அலைச்சல். ஆறாம் நாள் ஒட்டன்சத்திரம். அதற்குப் பிறகு முப்பது கிலோமீட்டருக்குள்தான். விருப்பாச்சி, சத்திரப்பட்டி, ஆயக்குடி என்று போகும்போதே மலை தெரிய ஆரம்பித்துவிடும், அரோகரா சத்தமும் கூடிவிடும். தெம்பு இல்லாவிட்டால் இந்தக் கடைசிப் பகுதியை இரண்டாகப் பிரித்து எட்டு நாளாக்குங்கள்.

பூசத்தன்றே போய்ச் சேர வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். அன்று மலையில் வரிசையில் நிற்பதே இன்னொரு யாத்திரை. இரண்டு மூன்று நாள் முன்னதாகச் சேர்கிற மாதிரி கணக்குப் போட்டால், வழியில் ஒரு நாள் கால் மக்கர் பண்ணினாலும் படுத்து எழ அவகாசம் இருக்கும்.

கார்த்திகையிலேயே ஆரம்பியுங்கள்

கார்த்திகை பிறந்ததும் நடக்கத் தொடங்கினால் குறைந்தது ஏழெட்டு வாரமாவது கிடைக்கும். அது போதும். முதல் இரண்டு வாரம், வாரத்துக்கு நான்கு நாள், ஐந்து கிலோமீட்டர். அப்புறம் வாரநாட்களில் ஏழு எட்டு. ஞாயிறு மட்டும் பத்து, பன்னிரண்டு, பதினைந்து என்று ஏற்றிக்கொண்டே போங்கள். மார்கழி நடுவில் ஒரு சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்துப் பதினெட்டு கிலோமீட்டர் நடந்து பாருங்கள். ஒரே நாளில் முப்பது நடப்பதைவிட இந்த இரண்டு நாள் சோதனைதான் உண்மையைச் சொல்லும். ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் கால் என்ன பேசுகிறது என்று தெரிந்துவிடும். கிளம்புவதற்கு முந்தைய வாரம் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

பூங்காவில், மண் தரையில் சுற்றுவது இதற்கு உதவாது. யாத்திரை முழுக்கத் தார்ச்சாலைதான். தார்ச்சாலையிலேயே, யாத்திரைக்குப் போடப்போகும் செருப்போடு, எடுத்துப்போகும் பையோடு நடங்கள்.

விரதம் வீட்டுக்கு வீடு மாறும். 48 நாள், 21 நாள் என்று மாலை போடுகிறவர்கள் உண்டு, ஒரு வாரம் மட்டும் இருப்பவர்களும் உண்டு. குழுவை நடத்திப் போகும் உங்கள் குருசாமி சொல்வதைக் கேளுங்கள். ஒருவேளைச் சாப்பாடு என்று விரதம் இருப்பவர்கள் நீண்ட நடை நடக்கிற நாட்களில் மட்டும் அதைத் தளர்த்திக்கொள்ளலாமா என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். வெறும் வயிற்றோடு இருபது கிலோமீட்டர் நடந்து மயங்கி விழுந்தால் தூக்கிக்கொண்டு ஓடப்போவது கூட வருகிறவர்கள்தான்.

செருப்பா, வெறுங்காலா

வெறுங்காலோடு வருவதாக வேண்டிக்கொண்டிருந்தால் அதை நான் மாற்றச் சொல்ல முடியாது. ஆனால் வேண்டுதல் இல்லை, எல்லோரும் அப்படி நடக்கிறார்கள் என்பதற்காக மட்டும் என்றால், முதல் தடவை செருப்போடு நடங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் எந்தக் காரணத்துக்காகவும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் குத்தினதுகூடத் தெரியாது. அவர்கள் கிளம்பும் முன்பு டாக்டரிடம் காலைக் காட்டி, நடக்கிற நாட்களுக்கு மாத்திரை, ஊசி அளவை எப்படி வைத்துக்கொள்வது என்றும் கேட்டுவிட வேண்டும். பையில் எப்போதும் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும்.

வெறுங்கால்காரர்கள் பயிற்சியையும் வெறுங்காலோடுதான் செய்ய வேண்டும். தோல் தடிக்க வாரங்கள் ஆகும், கடைசி வாரத்தில் அவசரப்பட்டு நடக்காது. வழியில் காலை பத்து மணிக்கே தார் சூடேறிவிடும். சாலை ஓரத்தில் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டின் மேல் நடங்கள். தாரைவிட அது சூடு குறைவு. வழுவழுப்பாக இருப்பதால் உறுத்தலும் குறைவு. சிவகங்கைப் பக்கம் சாலையை விட்டு இறங்கினால் சீமைக்கருவேல முள். ஒரு ஊக்கு, முள்வாங்கி, சின்ன டார்ச் மூன்றும் மடியிலேயே இருக்கட்டும்.

செருப்பு என்றால் புதுச் செருப்பு கூடாது, நைந்து போனதும் கூடாது. குறைந்தது ஒரு மாதம் போட்டுப் பழகியது, பின்பட்டை உள்ள சாண்டல் நல்லது. ஹவாய்ச் செருப்பைக் காலில் நிறுத்துவதற்காக விரல்கள் நாள் முழுக்க இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும், மூன்றாம் நாள் முன்கால் முழுக்க வலிக்கும். ஷூ போடுகிறவர்கள் ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள், நடக்க நடக்கப் பாதம் வீங்கும். சாக்ஸ் மூன்று ஜோடி. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு கால் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

இப்போது கொப்புளம். ஓரிடத்தில் சுரீரென்று சூடாக உணர்ந்த உடனே நில்லுங்கள். ‘அடுத்த பந்தல்ல பாத்துக்கலாம்’ என்று நடக்கிற அந்த ஒரு கிலோமீட்டரில்தான் கொப்புளம் பிறக்கிறது. துடைத்து, காயவிட்டு, அந்த இடத்தில் மருந்துக்கடைப் பிளாஸ்திரி ரோலைச் சுருக்கம் இல்லாமல் ஒட்டிவிட்டு நடங்கள். சின்னக் கொப்புளம் வந்துவிட்டால் அப்படியே மூடி விட்டுவிடலாம். பெரிதாகி நடக்க முடியவில்லை என்றால் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தம் செய்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்து, கிருமிநாசினி மருந்து போட்டுக் கட்டுங்கள். மேல்தோலை உரிக்கவே உரிக்காதீர்கள், அதுதான் மூடி. ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்துக்குள் விட்டு வைப்பது நெடுநாள் வழக்கம், பந்தலுக்குப் பந்தல் யாராவது செய்துவிட வருவார்கள். அந்த நூல் வழியாகத் தெருப்புழுதி உள்ளே போகும். கும்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைப்பது சுகமான விஷயம். அதை அன்றைய நடை முழுக்க முடிந்த பிறகு மட்டும் செய்யுங்கள். மத்தியான ஓய்வில் ஊறவைத்துவிட்டுச் சாயங்காலம் நடந்தால், ஊறி இளகின தோலில் கொப்புளம் உடனே வரும். ஊறவைத்தபின் விரல் இடுக்கெல்லாம் துடைத்துக் காயவிட்டு, தேங்காய் எண்ணெய் தடவிப் படுங்கள்.

இன்னொன்று, வெட்கப்பட்டு யாரும் முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள்: தொடை இடுக்கு உரசல். வியர்வையும் வேட்டியும் சேர்ந்து இரண்டாம் நாளே புண்ணாக்கிவிடும். காலையில் கிளம்பும்போதே வாஸ்லினோ தேங்காய் எண்ணெயோ தாராளமாகத் தடவுங்கள். வேட்டிக்குள் முழங்கால் வரை வரும் இறுக்கமான அரைக்கால் சட்டை போடுவது இன்னும் நல்லது. பெண்களுக்குப் புடவையைவிடச் சுடிதார் வசதி. மஞ்சள், பச்சை எந்த நிறமானாலும் நடக்கிறவர்கள் இப்போது பெரும்பாலும் அதைத்தான் போடுகிறார்கள்.

பை

லக்கேஜ் வண்டி வருகிற குழுவோடு போவது முதல்முறைக்குச் சிறந்தது. சாமான் வண்டியில் போகும், உங்கள் தோளில் தண்ணீர் பாட்டிலும் ஒரு சின்னப் பையும் மட்டும். வண்டி இல்லாமல் இரண்டு மூன்று பேராகப் போனால் தண்ணீர் சேர்த்து ஐந்து கிலோவுக்கு மேல் தூக்காதீர்கள். இரண்டு செட் துணி, ஒரு துண்டு, கொசுவலை அல்லது ஓடோமாஸ், கம்பளிச் சால்வை, விரிக்கத் தார்ப்பாய், தட்டு, டம்ளர், பவர் பேங்க், ஓஆர்எஸ் பாக்கெட். தை மாதப் பனி திண்டுக்கல் பக்கம் சும்மா இருக்காது. மண்டபத்துச் சிமெண்டுத் தரையில் விடியற்காலையில் தெரியும், அதனால் சால்வையை விட்டுவிடாதீர்கள். சட்டைப் பையில் உங்கள் பெயர், இரத்த வகை, வீட்டு எண், சாப்பிடும் மாத்திரை எழுதின சீட்டு ஒன்று. போனில் சார்ஜ் தீர்ந்தால் அது மட்டும்தான் பேசும்.

குழுவில் சேரும் முன்பு குருசாமியிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: தினம் எத்தனை கிலோமீட்டர், இராத்திரி எத்தனை மணி வரை நடப்பீர்கள், பின்தங்குகிறவர்களோடு யார் வருவார்கள். கடைசிக் கேள்விக்கு ‘அதெல்லாம் வந்துருவாங்க சாமி’ என்று பதில் வந்தால் வேறு குழுவைப் பாருங்கள்.

சாலையில்

பழனி யாத்திரையில் உயிருக்கு ஆபத்து என்றால் அது வாகனம்தான். அதிகாலை இரண்டிலிருந்து ஐந்து வரை ஓட்டுநர்கள் கண் செருகுகிற நேரம். வெயிலுக்குப் பயந்து இராத்திரி முழுக்க நடக்கிற குழுக்கள் நிறைய உண்டு, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. விடியற்காலை நாலரை ஐந்துக்குக் கிளம்பிப் பத்து மணிக்குள் முடித்து, சாயங்காலம் நாலுக்குத் தொடங்கி ஏழரைக்குள் தங்கிவிட்டால் வெயிலுக்கும் தப்பலாம், லாரிக்கும் தப்பலாம்.

வாகனத்துக்கு எதிர்ப்பக்கமாக, அதாவது சாலையின் வலது ஓரத்தில் நடங்கள். எதிரே வருவது கண்ணில் பட்டால் ஒதுங்கலாம், முதுகுக்குப் பின்னால் வருவதற்கு ஒதுங்க முடியாது. ஒருவர் பின் ஒருவராக. இயர்போன் வேண்டாம். ஒளிரும் ஸ்டிக்கரைப் பை, முன் மார்பு, கைத்தடி மூன்றிலும் ஒட்டுங்கள். வழியில் போலீஸ்காரர்கள் ஒட்டிவிடுவார்கள் என்று காத்திருக்காமல் வீட்டிலிருந்தே ஒட்டிக்கொண்டு வாருங்கள். களைப்பில் சாலை ஓரத்திலேயே துண்டை விரித்துப் படுப்பதும், நிற்கிற லாரி நிழலில் உட்காருவதும் கூடவே கூடாது. திண்டுக்கல்லைத் தாண்டினபின் பல இடங்களில் பக்தர்களுக்கென்று பேவர் பிளாக் நடைபாதை உண்டு. சில இடத்தில் உடைந்திருக்கும், முள் கிடக்கும். அப்படியும் இருட்டில் அதுதான் பத்திரம்.

சாப்பாடு, தண்ணீர், மற்றவை

அன்னதானத்துக்குக் குறைவே இருக்காது. ஆபத்து அதில்தான்: பந்தலுக்குப் பந்தல் கூப்பிட்டுப் பொங்கல், சாம்பார் சாதம், சுண்டல், டீ என்று கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். மறுக்க மனசு வராது. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு நடக்க முடியாது. கும்பிட்டு ஒரு பிடி வாங்கிக்கொள்ளுங்கள். நேரமாகி வைத்த தேங்காய்ச் சட்னியையும் தயிர்ச் சாதத்தையும் மட்டும் ஜாக்கிரதையாகப் பாருங்கள்.

தண்ணீரை மடக் மடக்கென்று ஒரேயடியாகக் குடிக்காமல், அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக. வெறும் தண்ணீர் மட்டும் போதாது; உப்புப் போட்ட மோர், எலுமிச்சை, ஓஆர்எஸ் ஏதாவது சேரட்டும். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் குடித்தது போதவில்லை. வலி மாத்திரையை மிட்டாய் மாதிரி போட்டுக்கொண்டு நடக்கிறவர்களைப் பார்ப்பீர்கள். உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். மாத்திரை போட்டுத்தான் நடக்க முடியும் என்ற நிலை வந்தால் அன்று நடக்காதீர்கள். நெஞ்சு வலி, தலைசுற்றல், வாந்தி என்றால் யோசிக்காமல் 108.

கழிவறைப் பிரச்சினை பெண்களுக்குத்தான் பெரிது. அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் நடக்கிறார்கள், அது இன்னும் கெடுதல். பெட்ரோல் பங்க், திருமண மண்டபம், பஸ் நிலையம் எங்கே வரும் என்று முதல் நாள் இரவே மேப்பில் குறித்துக்கொள்ளுங்கள். நாலைந்து பெண்கள் சேர்ந்து நடந்தால் ஏதாவது ஒரு வீட்டில் கேட்கலாம், தயங்காமல் விடுவார்கள்.

பழனியில்

ஊருக்குள் வந்ததும் மலையைப் பார்த்து ஓடாதீர்கள். தங்க இடம், குளியல், கொஞ்சம் தூக்கம், அப்புறம் மற்றது. முடி காணிக்கை உண்டு என்றால் அதை முதலில் முடித்துவிடுங்கள். மொட்டைக்குக் கட்டணம் கிடையாது. அடிவாரத்தில் திருஆவினன்குடியில் கும்பிட்டுவிட்டு மலை ஏறுவது முறை. கிரிவலப் பாதையைச் சுற்றிவிட்டு ஏறுகிறவர்களும் உண்டு, கால் ஒத்துழைத்தால் செய்யுங்கள்.

மலைக்குப் படி 693. நடந்து வந்தவர்களுக்கு அது பெரிதாகவே தெரியாது. இறங்கும்போதுதான் முழங்கால் கெஞ்சும். ஏறுவதைப் படியில் ஏறி, இறங்குவதை யானைப் பாதையில் வைத்துக்கொள்ளுங்கள், சரிவு அங்கே மெதுவாக இருக்கும். தண்டவாளத்தில் இழுத்துப் போகும் வின்ச், ரோப் கார் இரண்டும் இருக்கின்றன, விழா நாளில் அவற்றுக்கான வரிசை படியைவிட நீளம். மேலே செல்போன் கொண்டுபோக அனுமதி இல்லை. அடிவாரத்திலேயே கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். அதனால் யார் எங்கே சந்திப்பது என்பதை ஏறும் முன்பே பேசிவிடுங்கள், மேலே போய்த் தொலைந்தால் தேடுவது சிரமம். நேரம் இருந்தால் சாயங்காலப் பூஜையான சாயரட்சைக்கு நில்லுங்கள். ராஜ அலங்காரம் அப்போதுதான்.

திரும்புவதற்கு மதுரை, திண்டுக்கல் பக்கம் விழாச் சிறப்புப் பேருந்துகள் ஓடும். திண்டுக்கல்–பொள்ளாச்சி ரயில் பாதையில் பழனி நிலையமும் இருக்கிறது. உட்கார்ந்த இடத்திலேயே பல மணி நேரம் வந்தால் கால் குடம் மாதிரி வீங்கும், நடுவில் இறங்கி நாலு எட்டு நடங்கள். வீட்டுக்கு வந்தபின் வீக்கம் இரண்டு மூன்று நாளில் வடிந்துவிட வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்கால் வலித்தாலோ, கொப்புளத்தைச் சுற்றிச் சிவப்பு பரவிக் காய்ச்சல் அடித்தாலோ அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.